தினேஸ்வரி தலையைக் கொடுத்த கதை

தினேஸ்வரி பிசியோதெரபி படிக்கப் போனதே ஒரு குழப்பத்தில்தான். பத்து காஜா பக்கம், ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தில் அவள் அப்பா குலை வெட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் படிவத்தில் அவளுக்கு இயற்பியலில் நல்ல மதிப்பெண் வந்தது. ‘பிசியோ’ என்று தொடங்கும் படிப்பு ‘பிசிக்ஸ்’ சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும் என்று அப்பாவும் மகளும் பேசி முடிவுகட்டி விண்ணப்பித்துவிட்டார்கள். முதல் நாள் வகுப்பில் ஒரு எலும்புக்கூட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. எலும்புக்கூடும் பார்க்க நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தது. அங்கேயே இருந்துவிட்டாள்.

இயற்பியல் ஆசை மட்டும் முழுதாக விடவில்லை. ஈப்போவில் அவள் வேலை பார்க்கும் சிகிச்சை நிலையம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களைப் படியேற வைத்து வைத்தியம் பார்க்கும் இடம் ஊரில் அது ஒன்றுதான். அங்கிருந்த மெஷின்களுக்கெல்லாம் அவள்தான் ராணி. நோயாளியைப் படுக்க வைப்பாள், கரண்ட் மெஷினின் பட்டைகளை ஒட்டுவாள், குமிழைத் திருகுவாள், “ரிலேக்ஸா இருங்க லா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். பட்டையை ஒட்ட ஒரு தடவை, பிய்க்க ஒரு தடவை, அதோடு சரி. மற்றபடி அவள் கை யார் மேலும் படாது. பேச்சு மட்டும் கட்டிலுக்குக் கட்டில் தாவிக்கொண்டே இருக்கும். பாதிப் பேர் அந்தப் பேச்சுக்காகவே வந்தார்கள்.

மீதிப் பாதிதான் சிக்கல். அவர்கள் ஒவ்வொருவராகப் பாசார் பக்கம் எண்ணெய் போட்டு உருவிவிடும் ஒரு ஆளிடம் போகத் தொடங்கினார்கள். நிலையத்தின் முதலாளி சுகுமாரன் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டார்.

“தினேஸ், சனி ஞாயிறு ஓட்டல்ல ஒரு பயிற்சி நடக்குது. வேலையில இருக்கிற பிசியோக்களுக்கு. கைய வச்சே மூட்டு, தசையெல்லாம் சரி பண்றது. உன் பேரக் குடுத்துட்டேன்.”

“எனக்கா? நான் படிச்சு முடிச்சு எத்தன வருஷம் ஆச்சு, போஸ்!”

“அதனாலதான் லா.”

சனிக்கிழமை காலை, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். மண்டபம் நிறையச் சிகிச்சைக் கட்டில்கள். தைப்பிங், தெலுக் இந்தான் என்று பல ஊர்களிலிருந்து வந்திருந்த பிசியோக்கள் அரைக்கால் சட்டையும் பனியனுமாக, ஒருவரையொருவர் நேராகப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். தினமும் ஊராரின் முதுகைப் பார்ப்பவர்கள்தான். சொந்த முதுகைக் காட்ட வேண்டும் என்றதும் புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டார்கள்.

பயிற்சி கொடுக்க வந்தவள் ரஜிதா. ஆஸ்திரேலியாவில் மேல்படிப்புப் படித்துவிட்டு வந்தவள், தினேஸ்வரியைவிடப் பத்து வயதாவது இளையவள். சிட்டுக்குருவி போல இருந்தாள். பெருவிரலை வைத்து அழுத்தினால் மட்டும், அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றும். ஆளுக்கொரு ஜோடி சேர்த்தபோது தினேஸ்வரிக்கு வாய்த்தவர் சுபேசன். அரசாங்க மருத்துவமனையில் வேலை, ஐம்பதை நெருங்கும் வயது, கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. கட்டிலில் குப்புறப் படுத்ததும் மெதுவாகச் சொன்னார்:

“தங்கச்சி, ஒரு விசயம். எனக்கு விலாவில கொஞ்சம் கூச்சம் இருக்கு.”

“பரவால்ல அண்ணே, மெதுவா வைக்கிறேன்.”

மெதுவாக வைத்ததுதான் தப்பு. அவள் விரல் விலா எலும்பைத் தொட்டதும் சுபேசன் கீச்சென்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கட்டில் கிடுகிடுத்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் மறுபடி தொட்டாள். அவர் மறுபடி கீச்சிட்டு, சிரித்து, கண்ணில் நீர் வழிய, “சொரி, சொரி” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ரஜிதா வந்து பார்த்தாள். “அக்கா, நீங்க மூட்டு எங்கன்னு தேடுறீங்களா, சட்டைப் பையில சில்லறை தேடுறீங்களா? முழுக் கையையும் வைங்க.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். தினேஸ்வரிக்குக் காதெல்லாம் சூடானது.

அதைவிடப் பெரிய கூத்து மதியத்துக்குப் பிறகு நடந்தது. கழுத்து மூட்டுகளை எப்படி அசைப்பது என்று செய்து காட்ட ரஜிதா ஓர் ஆளைத் தேடினாள். கழுத்தைத் தடவிக்கொண்டே நின்ற தினேஸ்வரி அகப்பட்டாள். அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் தலையைத் தூக்கிப் பிடித்தாள். மற்றவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

“தலைய என்கிட்ட குடுங்க அக்கா.”

“குடுத்துட்டேன்.”

“இன்னும் குடுக்கல.”

“ஐயோ, குடுத்துட்டேன் லா.”

ரஜிதா இரண்டு கைகளையும் மெல்ல விலக்கிக்கொண்டாள். தினேஸ்வரியின் தலை கட்டிலைத் தொடாமல் அந்தரத்தில் அப்படியே நின்றது. அவளுக்கே தெரியவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று கண்ணைத் திறந்தவள், ரஜிதாவின் கைகள் இரண்டும் தன் முகத்துக்கு மேலே காற்றில் இருப்பதைக் கண்டாள். அப்போதும் தலை கீழே இறங்கவில்லை.

தினமும் கட்டிலுக்குக் கட்டில் “ரிலேக்ஸா இருங்க” என்று சொல்லி வந்தவள் அவள். அது இவ்வளவு சிரமமான காரியம் என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அன்று தேநீர் வேளையில் கறிபாப்பைக்கூடத் தொடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இத்தனை காலமும் படுத்திருந்தவர்கள் எல்லாம் இப்படித்தான் கழுத்தை விறைத்துக்கொண்டு, ரிலேக்ஸாக இருப்பதாக நினைத்துப் படுத்திருந்தார்களோ? தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவன் தர்மாவிடம் சொல்லி அழப் பார்த்தாள். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுபவன் அவன். எதையும் தூக்கி வைத்துப் பார்த்துத்தான் புரிந்துகொள்வான்.

“படு. நான் பிடிக்கிறேன்.”

“உனக்குத் தெரியாது லா.”

“ஒரு தலதானே?”

படுத்தாள். தர்மா அவள் தலையை டுரியான் பழம் தூக்குவது போல, குத்திவிடுமோ என்ற பயத்தோடு இரண்டு விரல் நுனிகளால் தூக்கினான். மூச்சை அடக்கிக்கொண்டு, “கனமாத்தான் இருக்கு” என்றான். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கழுத்து தளர்ந்து, தலையின் முழுப் பாரமும் அவன் கையில் இறங்கியது. “அடியே, இப்பத்தான் கனமே தெரியுது!” என்று அவன் அலறினான். இப்படித்தான் இறங்கும் போலிருக்கிறது என்று அவள் அந்த நிலையை மனத்தில் குறித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை செய்முறைத் தேர்வு. சீட்டுக் குலுக்கியதில் தினேஸ்வரிக்கு விழுந்தது விலா எலும்பு. எதிரே படுத்திருந்தவர் சுபேசன்.

“தங்கச்சி, என்னால நீங்க தேர்வில தவறப் போறீங்கள்” என்றார் பாவமாக. காலையில் சாப்பிடாமலே வந்திருந்தார். வயிறு காலியாக இருந்தால் கூச்சம் குறையும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்களாம்.

தினேஸ்வரி யோசித்தாள். தன்னைத் தானே தொட்டுக்கொண்டால் யாருக்கும் கூசுவதில்லையே.

“அண்ணே, ஒருக்களிச்சுப் படுங்க. உங்க கையத் தாங்க.” அவருடைய உள்ளங்கையை அவருடைய விலாவின் மேலேயே வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தாள். சுபேசன் கீச்சிடத் தயாராக வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்து பார்த்தார். அப்போதும் வரவில்லை. அவர் மூச்சு விடும்போது விலா இறங்குவதும் இழுக்கும்போது ஏறுவதும் அவளுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய கையை மெல்ல எடுத்துவிட்டு, தன் உள்ளங்கையை அழுத்தமாகப் பதித்தாள். அவர் அசையவில்லை. மற்ற எலும்புகளோடு ஏறி இறங்காமல் ஓரிடத்தில் ஒன்று மட்டும் முரண்டு பிடித்து நின்றது. அதைக் கண்டுபிடித்ததும் அவளுக்கு மெஷினின் விளக்கு எரிந்தது போலச் சந்தோஷம். மூச்சோடு மூச்சாக அதை அசைத்துக்கொடுத்தாள்.

“யார் சொல்லிக் குடுத்தது இது?” என்றாள் ரஜிதா.

“சும்மா தோணுச்சு.”

“நானும் இத அப்படியே செய்யப் போறேன் அக்கா” என்று சொல்லி மதிப்பெண் போட்டாள்.

அடுத்து சுபேசனின் முறை. அவருக்கு விழுந்தது கழுத்து. தினேஸ்வரி மல்லாந்து படுத்து, தர்மாவின் டுரியானை நினைத்துக்கொண்டாள். தலை இறங்கிவிட்டது. சுபேசனின் பெரிய கைகள் வெதுவெதுப்பாக இருந்தன. அவர் தேர்வு முடித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, “தங்கச்சி, எழும்புங்கோ” என்றபோது பதிலுக்கு ஒரு குறட்டைதான் வந்தது.

திங்கட்கிழமை முதல் ஆளாகப் படியேறி வந்தவர் அப்பாவு. பள்ளி வேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். கூடவே மனைவி முத்தம்மா.

“கழுத்து திரும்பவே மாட்டேங்குது மா. வண்டியப் பின்னுக்கு எடுத்துக் கோஸ்தான் அடிக்கணும்னா இவ எறங்கிப் பின்னால போய் நின்னாத்தான் ஆச்சு” என்று சொல்லிக்கொண்டே, பட்டை ஒட்டுவதற்காகத் தானே சட்டையைக் கழற்றினார்.

“இன்னிக்கு மெஷின் இல்ல தாத்தா. கைதான்.”

“ஏன், கரண்டு போயிடுச்சா?”

தினேஸ்வரி தலைமாட்டில் உட்கார்ந்து அவர் தலையை உள்ளங்கையில் ஏந்தினாள். கல் மாதிரி இருந்தது. ரிலேக்ஸ் என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை. வேன் ஓட்டிய காலத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதிகம் சேட்டை செய்தார்கள் என்று கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார். ஒருத்தன் வேனுக்குள் கோழிக்குஞ்சு கொண்டு வந்த கதை பாதியில் இருக்கும்போது தலை கனத்து அவள் கைக்குள் இறங்கியது. அதன் பிறகுதான் அவள் மூட்டுகளைத் தேடிப் போனாள். முடிந்து எழுந்தபோது கழுத்து முழுதாகச் சரியாகிவிடவில்லை. இன்னும் சில தடவை வரத்தான் வேண்டும். ஆனால் தோளைத் தாண்டிப் பார்க்க முடிந்தது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

தினேஸ்வரி மாடிச் சன்னலருகே போய் நின்றாள். கீழே அப்பாவு வண்டியில் ஏறி, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். அங்கே முத்தம்மா வழக்கம்போல இறங்கி நின்று, “வா… வா… வா…” என்று கையாட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்கே தெரியுது லா, ஏறு!” என்று அப்பாவு கத்தினார்.

“தெரிஞ்சா நல்லதுதான், நீ வா” என்றாள் முத்தம்மா, நின்ற இடத்தை விட்டு நகராமல்.