ஊரப்பாக்கத்தைத் தாண்டியவர் இல்லை

1. முதல் நாள், முதல் திட்டு

ஆபரேஷன் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே திட்டு வாங்கியவன் நான். அனஸ்தீஷியா டெக்னீஷியன் என்பது என் வேலையின் பெயர். மயக்க மருந்து கொடுப்பது டாக்டர். மெஷினைச் சரிபார்த்து, மருந்தை எடுத்து வைத்து, கேட்கும்போது டியூபை நீட்டி, நோயாளியின் தலைமாட்டிலேயே நிற்பது நான். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு சின்னத் தனியார் மருத்துவமனை அது.

அன்றைய முதல் கேஸ் டான்சில் ஆபரேஷனுக்கு வந்த ஏழு வயதுப் பெண் குழந்தை. ஒரே அழுகை. நான் எல்லாம் தெரிந்தவன்போலக் குனிந்து, "ஒண்ணும் இல்லடா கண்ணு, தூங்கப் போற, அவ்ளோதான்" என்றேன்.

கேஸ் முடிந்ததும் மயக்க மருந்து டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அவரை நாங்கள் எல்லாரும் மேடம் என்போம்.

"சகாயம், இன்னைக்கு ராத்திரி அந்தக் குழந்தைய அவங்கம்மா 'தூங்கும்மா'ன்னு சொன்னா தூங்குமா? தூங்கினா தொண்டைய அறுப்பாங்கன்னு நினைச்சுக்கும். இது தூக்கம் இல்லப்பா. தூங்கறவங்களத் தட்டினா எழுந்திருப்பாங்க. இவங்க அறுத்தாலும் எழுந்திருக்க மாட்டாங்க. பேரை மாத்திச் சொல்லாத."

"அப்ப என்னன்னு சொல்றது மேடம்?"

"மயக்கம்னு சொல்லு. நான் பக்கத்துலயே இருக்கேன்னு சொல்லு. ரெண்டும் உண்மை."

இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முப்பத்தோரு வருஷம் பிழைத்துவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி ஸ்டெல்லா சிரித்தாள். "அப்ப நம்ம சர்ச் போஸ்டர்ல எல்லாம் தப்பாவா போடறாங்க?" என்று கேட்டாள். எங்கள் ஆட்கள் யாரும் செத்துப்போவதில்லை. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றுதான் கிழக்குத் தாம்பரம் சுவர்களில் ஒட்டுவார்கள். "அத போஸ்டர் அடிக்கிறவன்கிட்ட கேளு" என்றேன். எனக்கு அப்போது கோபம் சட்டென்று வரும். இப்போதும் வரும், காட்டத்தான் ஆள் இல்லை.

2. ஸ்டேஷன் வந்த கதை

மருந்து ஏறும்போது நோயாளியை ஏதாவது சொல்லச் சொல்வது வழக்கம். நூறிலிருந்து தலைகீழாக எண்ணச் சொல்வோம். அதில் ஒரு தொல்லை உண்டு. ஏற்கெனவே பயந்திருப்பவர்கள், "தொண்ணூத்தேழா, தொண்ணூத்தாறா சார்?" என்று பரீட்சைக்கு வந்த மாதிரி முழிப்பார்கள். மானிட்டரில் பல்ஸ் எகிறும்.

ஸ்டெல்லா கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய் வருவாள். அவள்தான் சொன்னாள்: "கணக்கு டீச்சர் நானே சொல்றேன், பயந்துபோனவங்ககிட்ட கணக்கு கேக்காதீங்க. தெரிஞ்ச வழியக் கேளுங்க. வழி சொல்லும்போது யாரும் பயப்பட மாட்டாங்க."

மறுநாளிலிருந்து எண் போயிற்று, ஸ்டேஷன் வந்தது. "தாம்பரத்துலேருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனா சொல்லிக்கிட்டே வாங்க" என்பேன். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. இப்போது நடுவில் கிளாம்பாக்கம் என்று புதிதாக ஒன்று சொல்கிறார்கள். என் வரிசையில் அது கிடையாது.

பெரும்பாலானவர்கள் வண்டலூரிலேயே போய்விடுவார்கள். நன்றாகக் குடிக்கிற ஆட்கள் ஊரப்பாக்கம்வரை வருவார்கள். ஊரப்பாக்கத்தைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவின் முதல் கேள்வி, "இன்னைக்கு யாராவது கூடுவாஞ்சேரி வந்தாங்களா?" என்பதுதான். இல்லை என்பேன். "நான் இறங்குற இடத்துக்கு ஒருத்தரக்கூட அனுப்ப மாட்டேங்கறீங்களே" என்று அலுத்துக்கொள்வாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த மாதிரி பேச்சிலேயே எங்கள் சாயங்காலங்கள் ஓடின.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். கண் விழிக்கிறபோது சில பேர், விட்ட இடத்துக்கு அடுத்த ஸ்டேஷனைச் சொல்வார்கள். மூன்று மணி நேரம் வயிற்றைத் திறந்து வைத்திருப்போம். அவர்களுக்கு அது வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்ட நேரம்கூட இல்லை.

3. மீன்காரம்மா

கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு ஒரு அம்மா வந்தார். தலையில் கூடை சுமந்து மீன் விற்பவர். குரல் தியேட்டருக்கு வெளியே வரை கேட்கும்.

"ஸ்டேஷன்லாம் எனக்குத் தெரியாது சார். ரயிலாண்டயே நான் போனதில்ல."

"சரிம்மா, மீன் பேரு சொல்லிக்கிட்டே வாங்க."

"அது கெடக்கட்டும். நீ உண்மைய சொல்லு. கண்ண மூடிக்கினா இன்னா தெரியும்? செத்தா எப்டி இருக்குமோ அப்டியா?"

"நான் பக்கத்துலயே இருக்கேன்மா."

"நீ இருப்ப சார். நான் இருப்பனா? அத்த சொல்லு."

"முதல்ல மீன் பேரு சொல்லுங்கம்மா" என்றேன். மருந்து ஏறியது. "வஞ்சிரம்... வவ்வாலு... சங்கரா..." என்று இழுத்துக்கொண்டே போய் அடங்கிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து ரெக்கவரி அறையில் கண்ணைத் திறந்ததும், "நெத்திலி" என்றார். சுற்றும்முற்றும் பார்த்தார். "இன்னா சார், இன்னும் ஆரம்பிக்கலியா?"

"எல்லாம் முடிஞ்சுதும்மா, ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"அட பேஜாரே! அப்ப இம்மா நேரம் நான் எங்க இருந்தேன்?" என்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கியுமே இல்ல சார் நான்! இல்லாதவளுக்கு இன்னா பயம்? வெளிய என் பொண்ணு அழுதுகினு கீதான்னு பாரு, அதான் பேஜாரு."

எனக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போய், அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் அப்படியே நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தம்மாவுக்குப் பயம் போயிடுச்சு. எனக்கு வந்துடுச்சு" என்றாள்.

"ஏன்டி?"

"ஒண்ணுமே இல்லன்னா, உங்களையும் தெரியாதுல்ல."

4. பெஞ்ச்

சில வருஷம் கழித்து ஸ்டெல்லாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. எங்கள் மருத்துவமனையிலேயே ஆபரேஷன். நான் உள்ளே வருகிறேன் என்றேன். மேடம், "கட்டின பொண்டாட்டி கேஸுக்கு நீ நிக்க வேண்டாம் சகாயம். வெளிய இரு. கவிதா பாத்துப்பா" என்றார். கவிதா என்னோடு பத்து வருஷமாக வேலை பார்த்த டெக்னீஷியன்.

டிராலியில் படுத்தபடி ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இத்தன வருஷமா பாக்கறீங்களே. நிஜமா சொல்லுங்க, அங்க என்ன இருக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கர்த்தர் இருக்கிறார் என்று சொல்ல அவளே ஆயிரம் வசனம் வைத்திருந்தாள், அவளுக்கு என்னிடமிருந்து அது வேண்டாம். "நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றேன். அந்த வாக்கியத்தை நான் பொய்யாகச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. கதவு மூடியதும் எனக்கு இடம் வெளியே இருந்த இரும்பு பெஞ்ச்.

அந்த பெஞ்சை எத்தனை ஆயிரம் தடவை தாண்டிப் போயிருப்பேன்! அதில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. எதிரே ஒரு சுவர்க்கடிகாரம். மூன்று மணி நேரம் அதையே பார்த்தேன். யாரும் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே இருந்த எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். அதுதான் வினை.

கடைசியில் கவிதா எதற்கோ வெளியே வந்தவள் என்னைப் பார்த்துத் திகைத்தாள். "அண்ணா, இங்கயேவா உக்காந்திருக்கீங்க? முடிஞ்சு அரை மணி நேரமாச்சே. நல்லா இருக்காங்க. நீங்க நம்ம ஆளு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு எல்லாரும் நினைச்சுட்டோம்."

அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பிறகு அங்கேயே நின்று அழுதேன்.

நான் ரெக்கவரிக்குள் போய் நிற்கவும் ஸ்டெல்லா கண்ணைத் திறக்கவும் சரியாக இருந்தது. உதடு காய்ந்திருந்தது. "கூடுவாஞ்சேரி" என்றாள்.

"ஊரப்பாக்கம் வரைக்கும் சொன்னாங்க அண்ணா" என்றாள் கவிதா.

"பக்கத்துலயே இருந்தீங்களா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"இருந்தேன்." இரண்டாவது பொய்.

"நடுவுல ஒண்ணுமே இல்லங்க. ஊரப்பாக்கம்னு சொன்னேன், அடுத்தது உங்க மூஞ்சி. இதுக்கா பயந்தேன்?"

அவளுக்குப் பயம் அன்றோடு விட்டுப்போனது. நானும் வேலையில் ஒரு பழக்கத்தை அன்று தொடங்கினேன். எந்த கேஸ் ஆனாலும் பாதியில், மேடத்திடம் சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் வெளியே போய் பெஞ்சில் இருப்பவர்களிடம், "நல்லா போயிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வருவேன். கவிதாவும் பழகிக்கொண்டாள்.

5. போஸ்டர்

ஒன்றரை வருஷத்தில் நோய் திரும்பி வந்தது. இனி வெட்டிப் பயனில்லை என்றார்கள். வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். லீவு போட்டுவிட்டு நிஜமாகவே பக்கத்திலேயே இருந்தேன்.

போவதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியான வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "எனக்கு பயமே இல்லங்க. கண்ண மூடுவேன், அடுத்தது உங்க மூஞ்சிதான். நடுவுல எத்தன வருஷம் ஆனாலும் எனக்குத் தெரியப்போறதில்ல. நீங்கதான் பாவம். பெஞ்சுல உக்காந்திருக்கப் போறது நீங்க."

"அன்னைக்கு நான் பெஞ்சுலதான் இருந்தேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"கவிதா அன்னைக்கே சொல்லிட்டா." லேசாகச் சிரித்தாள். "பொய் சொல்லக்கூடத் தெரியல உங்களுக்கு."

அவள் போன அன்று சர்ச்சிலிருந்து வந்தவர்கள், போஸ்டரில் என்ன போடுவது என்று கேட்டார்கள். இது தூக்கம் இல்லை, பேரை மாற்றிச் சொல்லாதே என்று முதல் நாளே திட்டு வாங்கியவன் நான். அந்தப் பாடத்தை வருஷக்கணக்காகப் பிறருக்கும் சொல்லிக்கொடுத்தவன். "நித்திரையடைந்தார்னே போடுங்க" என்றேன். தூங்குகிறவர்களைத் தட்டினால் எழுந்திருப்பார்கள் என்று மேடம் சொன்னாரே, எனக்கு அது வேண்டியிருந்தது.

6. என் முறை

அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. நான் ரிட்டையராகி இரண்டு வருஷம். போன வருஷம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். சர்ச்சிலிருந்து வந்த ஒருவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இந்த மாதிரி கேஸுக்கு முதுகில் ஊசி போட்டுக் கீழே மட்டும் மரக்க வைத்தால் போதும். நான்தான் முழு மயக்கம் வேண்டும் என்று மேடத்திடம் அடம் பிடித்தேன்.

என் திட்டத்தை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு ஊரப்பாக்கத்தைத் தாண்டிவிட வேண்டும். கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில் ஸ்டெல்லா இருக்கிறாளா என்று ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் தலைமாட்டில் நின்றவனுக்கு இப்படி ஒரு ஆசை! பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஆசை இருந்தது.

"அண்ணா, பக்கத்துலயே இருக்கேன். சொல்லுங்க" என்றாள் கவிதா.

"தாம்பரம்... பெருங்களத்தூர்..." கையில் மருந்து எரிந்தது. "வண்டலூர்..."

"ஊரப்பாக்கம்" என்றேன்.

"முடிஞ்சுதுண்ணா. வண்டலூர்லயே போயிட்டீங்க நீங்க" என்று சிரித்தாள் கவிதா. நான் ரெக்கவரியில் படுத்திருந்தேன்.

கனவு இல்லை. பிளாட்பாரம் இல்லை. அவள் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. "வலிக்குதாண்ணா?" என்று கேட்டாள். வலி அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஸ்டெல்லா இல்லை என்பது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒன்றரை மணி நேரம் நான் அவளைத் தேடவில்லை. இந்த நாலு வருஷத்தில் அவளுக்காக ஏங்காமல் இருந்தது அந்த நேரம் மட்டும்தான். நிம்மதியாகவா இருந்தேன்? நிம்மதிப்படுவதற்குக்கூட அங்கே ஆள் இல்லை. மீன்காரம்மா சொன்னது சரிதான். இல்லாதவனுக்குப் பயமில்லை. ஸ்டெல்லா பயந்ததும் சரிதான். அங்கே அவளையும் தெரியாது. கண் விழித்ததும் அந்த ஏக்கம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தொலைந்துபோன சாவி கையில் அகப்பட்ட மாதிரி இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சாவைப் பற்றி நோயாளி கேட்டால், தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாதீர்கள். போகிறவருக்கு நேரம் ஓடாது, அதனால் அவருக்காக நான் பயப்படுவதை விட்டுவிட்டேன். நேரம் ஓடுவது வெளியே இருப்பவருக்கு. பாதியில் ஒரு நிமிஷம் வெளியே போய் அவரைப் பாருங்கள்.

கவிதா அதை மறக்கவில்லை. அன்று ரெக்கவரியில் என் போர்வையைச் சரிசெய்துகொண்டே, தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அண்ணா, நம்ம வழக்கப்படி பாதியில வெளிய போய்ப் பாத்தேன். பெஞ்சுல யாருமே இல்லண்ணா."

"எப்படிம்மா இருப்பாங்க? அங்க உக்கார வேண்டிய ஆள நீ உள்ள படுக்க வெச்சிருந்த" என்றேன்.