அமெரிக்க எலும்புகளுக்குக் காவல் நின்ற கோடை

காவல்கார வேலையில் கள்ளனுக்குப் பயப்படுகிறவன் குறைவு, மேலதிகாரிக்குப் பயப்படுகிறவன்தான் அதிகம். சீருடை போட்டு, கால் வீங்க நின்று சம்பளம் வாங்கியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு நூதனசாலையில், அதாவது மியூசியத்தில், காவலுக்கு நின்றேன். அமெரிக்காவில் பழைய எலும்புகளைத் தோண்டி ஆராயும் படிப்பு எப்படித் தொடங்கியது என்று காட்டும் கண்காட்சி ஒன்று அங்கே ஒரு கோடை முழுவதும் நடந்தது. காவலுக்கு நானும் துரைராசாவும். கண்காட்சி முடிய உங்களில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவோம் என்று மனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். நிரந்தர வேலை இல்லாமல் அவர்களைக் கூப்பிடுவது கடினம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். துரைராசாவை இந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். வட லண்டனில், எட்மண்டனில் இருந்த என் அறையில்தான் அவன் படுத்தான். இதை நீங்கள் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்.

ராட்சதனின் பல்

வாசலில் முதலாவதாக வைத்திருந்தது ஒரு பல். என் முஷ்டியைவிடப் பெரிது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு குடியானவன் ஆற்றங்கரையில் அப்படி ஒன்றைக் கண்டெடுத்து, ஒரு கிளாஸ் சாராயத்துக்குக் கைமாற்றிவிட்டானாம். அது கப்பலேறி இதே லண்டனுக்கு வந்தபோது, ஊழிவெள்ளத்தில் செத்த ராட்சதனின் பல் என்று படித்தவர்கள் நம்பினார்களாம். யானையைப் போன்ற, அழிந்துபோன ஒரு மிருகத்தின் பல் அது என்று தெரியவரப் பல காலம் எடுத்தது. பிறகு அந்த நாட்டு ஜனாதிபதியே அப்படிப்பட்ட எலும்புகளைத் தன் மாளிகைத் தரையில் பரப்பிவைத்துப் பார்த்தாராம். எங்கள் நாட்டு மிருகங்கள் ஒன்றும் சிறியவை அல்ல என்று ஐரோப்பாக்காரருக்குக் காட்டவேண்டுமென்று அவருக்கு ஆசை.

எனக்கோ அதன் பக்கத்தில் நிற்கவே பயம். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் என் பிள்ளைகள் லொட்ஜிலேயே வளரவேண்டியதுதான். சனக் கூட்டம் நெருங்க நெருங்க நான் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்வதைத் துரைராசா பார்த்துக்கொண்டிருந்தான். "பயப்பிடாதையுங்கோ அண்ணை, அது கடிக்காது. கடிச்சாலும் ஒரு பல்லுத்தானே இருக்கு" என்றான்.

வாலில் வைத்த தலை

மண்டபத்தின் நடுவில் நீண்ட கழுத்துள்ள ஒரு கடல் பிராணியின் எலும்புக்கூடு. அதை முதலில் பொருத்திய அமெரிக்கப் பேராசிரியர் அவசரத்தில் தலையைக் கொண்டுபோய் வால் நுனியில் வைத்துவிட்டார். அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார், அவரும் எலும்புப் பேராசிரியர்தான். அந்தப் பிழையை ஊரறியச் சொல்லித் திரிந்தவர் அவர்தானாம். வேறு மனக்கசப்பும் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சாகும்வரை பகை. யார் அதிகம் தோண்டுவது, யார் அதிகம் பெயர் வைப்பது என்று போட்டி போட்டு மேற்குப் பக்கம் முழுவதையும் கிண்டினார்கள்.

இந்தக் கதையை ஒரு சனிக்கிழமை, தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்திலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சொன்னேன். சின்னவன் கயிற்றுக்குக் கீழால் நுழைந்துவிட்டான். அவனை வெளியே இழுத்தெடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. தகப்பன் மன்னிப்புக் கேட்டார். தாய் எலும்பை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னா: "இவையள் ரெண்டு பேரும் ஒரு தலையாலை பிரிஞ்சவை. எங்கடை கோயில் கொமிட்டி ஒரு தலைவர் கதிரையாலை பிரிஞ்சது."

நெருப்புப் பிடித்தால்

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஐந்தாம் வகுப்போடு கடைக்கு வேலைக்குப் போனவன். பேசிச் சமாளிப்பேன். இது துரைராசாவுக்கு மட்டும் தெரியும். ஒருநாள் மனேஜர் வந்து, சுவரில் உள்ள தீ அறிவித்தலை வெள்ளிக்கிழமை நான் தனக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்றார். யார் அவரிடம் போய்ச் சொன்னது என்று கேட்கவேண்டுமா?

கண்காட்சியில் விளக்கம் சொல்லும் லெட்சுமி மலேசியாப் பெண். தேநீர் இடைவேளையில் அவள் வாசிக்க வாசிக்க நான் மனப்பாடம் செய்தேன். இடையிடையே அந்தப் பேராசிரியர்களின் கதையும் சொன்னாள். "ஒருத்தரோட ஆளுங்க தோண்டி முடிச்ச குழிய அடுத்தவன் தொடக் கூடாதுன்னு வெடி வெச்சுத் தகர்த்தாங்களாம் அண்ணே. உள்ளே இருந்த எலும்போட." வெடி என்றதும் படித்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. நான் எதிலிருந்து ஓடி வந்தவன் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பவும் முதல் வரியிலிருந்து தொடங்கினோம்.

வெள்ளிக்கிழமை சட்டை முதுகோடு ஒட்ட, அறிவித்தலை உற்றுப் பார்த்தபடி மேலிருந்து கீழ்வரை ஒப்பித்தேன். அடியில் இருந்த அச்சகத்தின் பெயரைக்கூட விடவில்லை. "நல்லது. ஆனால் உண்மையாக நெருப்புப் பிடித்தால் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை நிற்காதே, ஓடு" என்றார் மனேஜர்.

சோற்றுப் பருக்கை

கடைசி அறையில் சாக்குத் துணி சுற்றிய ஒரு பெரிய கட்டி இருந்தது. உள்ளே இன்னும் பிரிக்காத எலும்பு. தோண்டப்போனவர்கள், எலும்பு வழியில் நொறுங்காமல் இருக்க, சாப்பாட்டுக்குக் கொண்டுபோன அரிசியைக் குழைய வேகவைத்து, அந்தக் கூழில் சாக்குத் துண்டுகளைத் தோய்த்துச் சுற்றினார்களாம், முறிந்த கைக்குப் பத்துப் போடுவதுபோல.

கண்காட்சியின் கடைசி வாரம், அந்தக் கட்டியின் கீழே தரையில் சோற்றுப் பருக்கைகள் கிடந்தன. மனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அந்தக் கட்டிடத்தில் மத்தியானம் சோறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். காட்சி அறைக்குள் சாப்பிட்டால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யார் சாப்பிட்டது என்று கேட்டார். நான் சாப்பிடவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். லொட்ஜில் தொலைபேசி மணி அடித்ததும் மகள் ஓடி வருவதுதான் கண்ணுக்குள் நின்றது.

துரைராசா முந்திக்கொண்டான். "இவர்தான் சேர். சாப்பிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்."

மனேஜர் என்னிடம் சாவிக்காகக் கையை நீட்டினார். நான் இடுப்பிலிருந்து கழற்றத் தொடங்கிவிட்டேன். அந்த நேரம் எலும்புகளோடு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த, அவற்றைப் பழுதுபார்க்கும் வயதான ஒரு அம்மா முழங்காலில் நின்று, ஒரு பருக்கையைச் சிறிய இடுக்கியால் எடுத்தா. அது கல்லுப்போலக் காய்ந்து பழுப்பாக இருந்தது. கட்டியின் ஒரு மூலையில் சாக்கு பிரிந்திருப்பதையும் காட்டினா. "இது இவர்களுடைய சோறு இல்லை. எங்களுடைய சோறு, நூறு வருடத்துக்கு மேல் பழையது" என்றா.

பஸ் தரிப்பில்

மனேஜர் துரைராசாவைத் திரும்பிப் பார்த்து, அப்படியென்றால் நீ கண்ணால் கண்டது எதை என்று மட்டும் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை என்னை நிரந்தரமாக்கினார்கள். குளிர் தொடங்கியபோது மனைவியும் பிள்ளைகளும் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அதுவரையும், இனி யாராவது வந்து எதையாவது சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருந்தேன்.

அவனை வேலையால் நிறுத்திய நாளில் பஸ் தரிப்பில் எனக்காகக் காத்து நின்றான். நான் முகம் கொடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறக் கால் வைத்தபோது பின்னாலிருந்து சொன்னான்: "எனக்கும் மனிசி கொழும்பிலைதான் அண்ணை, உங்கடை ஆக்கள் இருக்கிற அதே லொட்ஜிலை."

இன்றைக்கும் கலியாண வீடுகளில் அவன் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும்தான் இருக்கிறோம். அமெரிக்காவில் அந்த இரண்டு பேரின் பகையால் நூதனசாலைகள் நிறைந்தன, எங்கள் பகையால் உலகத்துக்கு ஒரு கோழி எலும்புகூட மிஞ்சவில்லை.