வாய்ச் செட்டு

ராப் பாடுகிறேன் என்று இன்றைக்கு ஒரு பையன் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. நாங்கள் சொன்னபோது அரியலூர் பஸ் ஸ்டாண்டே சிரித்தது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு வாக்கில் நடந்த கதை இது. சினிமாப் பாட்டுக்கு நடுவில் யாரோ ஒருவர் இங்கிலீஷில் படபடவென்று பேசிவிட்டுப் போவார். அதற்குப் பேர் ராப் என்றார்கள். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. “தாளத்தோட வாய்க்கு வந்ததப் பேசறதுக்கு இங்கிலீஷ் எதுக்குடா? நம்மூர்ல பொறந்தவனுக்கு அது தானா வருமேடா” என்றான் குண்டன். அங்கே ஆரம்பித்தது எங்கள் கிறுக்கு.

மொத்தம் மூன்று பேர். குண்டன் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தான். மேடையில் நின்று பாடுகிறவன் அவன்தான். தொந்தியை ஒரு ஆட்டு ஆட்டினாலே கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். இன்னொருவன் அப்பாவோடு சைக்கிள் கடையில் இருந்தான். அவனுக்கு வாய்தான் வாத்தியம். உதட்டைக் குவித்துக்கொண்டு டிரம்ஸ், தவில், கல் லாரி கியர் மாற்றுகிற சத்தம் எல்லாவற்றையும் அதிலேயே கொண்டுவந்துவிடுவான். அவனை நாங்கள் தாளக்காரன் என்போம். மூன்றாவது ஆள் நான். பாடத் தெரியாது, ஆடத் தெரியாது. எழுதுவேன்.

முதல் பாட்டு ரயில்வே கேட்டைப் பற்றியது. ஊரில் கேட்டடியில் நின்று நொந்துபோகாத ஆளே கிடையாது.

“கேட்டு போட்டான், கேட்டு போட்டான், டவுன் பஸ்ஸு நிக்கிது
மாப்ள ஏறி வந்த காரும் மாலையோட நிக்கிது
ஐயரு அங்க மந்திரத்த அஞ்சாந்தரம் சொல்றாரு
அடுத்த ரயிலும் வருதுன்னு கேட்டுக்காரர் சொல்றாரு!”

பூலாம்பாடியில் ஒரு திருவிழாவுக்கு வந்த ஆர்கெஸ்ட்ராவில் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பத்து நிமிடம் சமாளியுங்கள் என்று எங்களை மேடையில் ஏற்றிவிட்டார்கள். குண்டன் ரெக்சின் சட்டையும் திருப்பிப் போட்ட தொப்பியுமாக வேர்த்து விறுவிறுத்து நின்றான். பத்து நிமிடம் முக்கால் மணி நேரமானது. ஆர்கெஸ்ட்ராக்காரர்களை ஜனங்கள் மறுபடி பாட விடவே இல்லை. வாத்தியமே இல்லாமல் வாயை மட்டும் வைத்துப் பிழைக்கிறார்கள் என்று எங்களுக்கு ‘வாய்ச் செட்டு’ என்று பேர் வைத்ததும் அந்த ஊர்தான்.

அதற்குப் பிறகு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் சடங்கு, திருமானூர்ப் பக்கம் கல்யாணம், நடுவில் காலேஜ் ஆண்டு விழா. எங்கள் பாட்டை ஒருவர் கேசட்டில் பிடித்துக் கொடுக்க, தனியார் பஸ் டிரைவர் ஒருவர் அதைத் தினமும் போட்டார். பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டுக்காரர் என் வரியை முணுமுணுப்பதைக் கேட்டேன். இதை எழுதியது நான்தான் என்று அவர் சட்டையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை!

கல்யாணங்களில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி பண்ணுவது எங்கள் பக்கம் எப்போதும் உள்ளதுதான். அதை நாங்கள் மைக்கில் பண்ணினோம். அதற்குச் சரக்கு வேண்டுமே? நான் மத்தியானமே மண்டபத்துக்குப் போய்ச் சமையல்கட்டில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு கூடை வெங்காயத்தை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உரித்தால் போதும், இரண்டு வீட்டுச் சங்கதியும் காதில் வந்து விழும். மாப்பிள்ளைக்குப் பல்லியைக் கண்டால் பயம், மாமியார் குறட்டை விட்டால் தெருவே எழுந்து உட்காரும், இப்படி. சாயங்காலம் அதெல்லாம் பாட்டாகிவிடும்.

இதில் தாளக்காரன் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தான். எந்தச் சங்கதியும் இரண்டு பேர் வாயால் வந்தால்தான் பாட்டில் ஏறும். ஏறுவதற்கு முன்னால் மூன்று பேரும் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். “சிரிச்சுட்டு வூட்டுக்குப் போயி அழுவுற மாதிரி எதுவும் இருக்கக் கூடாதுடா” என்பான். மூன்று பேரில் அவன் ஒருத்தனுக்குத்தான் புத்தி இருந்தது. மூன்று வருஷம் இந்தக் கட்டுப்பாடு எங்களைக் காப்பாற்றியது.

பிறகு அவன் தங்கைக்கே கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சிமெண்டு ஃபேக்டரியில் வேலை. “பெர்மனெண்ட்டு மாப்ளடா!” என்று தாளக்காரன் டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அவன் அப்பாவைக் கேட்கவே வேண்டாம். சைக்கிள் கடைக்காரருக்குப் பெர்மனெண்ட்டு மாப்பிள்ளை! தெருவில் அவர் நடையே மாறிவிட்டது. ரிசப்ஷனில் வாய்ச் செட்டுதான் என்று அவரே சொல்லிவிட்டார். நான் அவரையும் அப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில் தட்டைக் கழுவி நானே சோறு போட்டுக்கொள்கிற உரிமை எனக்கு இருந்தது.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானம் வழக்கம்போல மண்டபத்துச் சமையல்கட்டில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையில் ஒருவர் முன்கூட்டியே வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டே சமையல்காரரிடம் சொன்னார்: “எங்க பய காண்ட்ராக்டுதான். ஆனா வேலையில சூரன். பின்கேட்டு வழியாத்தான் போவணும், மூணு மாசத்துக்கு ஒருதரம் கேட் பாஸ மாத்தணும், அதான் ஒரு தொல்ல.”

என் கையிலிருந்த வெங்காயம் அப்படியே நின்றது. தாளக்காரனைத் தேடிப் போயிருக்கலாம். அவன் வாழைமரம் கட்டவும் ஐஸ் வாங்கவும் அலைந்துகொண்டிருந்தான். இத்தனை சத்தமாக ஒருவர் சொல்கிறார் என்றால் எல்லோருக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும், பெர்மனெண்ட்டு என்பது தெருவுக்காகச் சொன்னதாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பல வருஷம் எல்லோரிடமும் இதைத்தான் சொன்னேன். பச்சைப் பொய். நிஜம் என்னவென்றால், அதற்குள் வரி வந்துவிட்டது. அதுவரை எழுதியதிலேயே நல்ல வரி. அதைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றார்கள். கீழே ஓரமாக நாங்கள். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்த தாளக்காரன், “சரக்கு நல்லாருக்கா?” என்று மட்டும் கேட்டான். “பிரமாதம்” என்றேன். தாளத்தை ஆரம்பித்தான். தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு குண்டன் பாடினான்.

“கேட்டு ரெண்டு ஃபேக்டரிக்கு, முன்கேட்டு இவருக்கில்ல
பாஸு மாத்தும் நாளு வந்தா மாப்ளைக்குத் தூக்கமில்ல
மூணு மாச வேலையத்தான் நம்பி வந்தா மகராசி
மாப்ள வேல காண்ட்ராக்டு, பொண்டாட்டிதான் பெர்மனெண்ட்டு!”

மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. கடைசி வரியைக் கூட்டமே திருப்பிப் பாடியது. ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி இருமினார். இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. தாளக்காரனின் உதடு குவிந்தபடியே இருந்தது, சத்தம் நின்றிருந்தது. இன்னொருவர் அவன் அப்பா.

அவர் நேராக மேடை ஏறினார். “தம்பி, இவனுங்க பாடுனது நெசமா?” என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மைக் திறந்திருந்தது, எல்லோருக்கும் கேட்டது. அந்த மனுஷன் தன் அப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “ஆமாங்க மாமா” என்றார்.

“பெர்மனெண்ட்டுன்னு சொல்லித்தானய்யா பொண்ணு கேட்டீங்க?” என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் திரும்பினார். யாரோ கையை ஓங்கினார்கள், யாரோ தடுத்தார்கள். பெண் தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தாள். ஏமாந்துவிட்டோமே என்று அழுகிறாள் என்று நினைத்தேன். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பிப் போய்விட்டது. கூடை கூடையாக இருந்த சோற்றைத் தெருத் தெருவாகக் கொடுத்தனுப்பினார்கள்.

மறுநாள் காலை, தாலி கட்டியிருக்க வேண்டிய நேரத்தில், தாளக்காரன் மண்டப வாசலில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒரு முனையைப் பிடிக்கலாம் என்று போனேன்.

“நீ எழுதுனது நெசந்தான். இல்லங்கல” என்றான். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லடா?”

“ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்டா.”

“நெனச்சியா?” என்றான். அவ்வளவுதான். வாழைமரத்தைத் தனியாகவே இழுத்துக்கொண்டு போனான்.

ஊர் என்னைத் திட்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை, பாராட்டியது! “ஒரு பொண்ணு வாழ்க்கையக் காப்பாத்திட்டப்பா” என்று டீக்கடையில் தோளைத் தட்டினார்கள். எனக்கும் அது தேவையாக இருந்தது. பொய் சொல்லிப் பெண் எடுக்க வந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றியவன் நான். ராத்திரி படுத்தால் அதைச் சொல்லிக்கொண்டுதான் தூங்கினேன்.

தாளக்காரன் அதோடு நின்றுவிட்டான். நானும் குண்டனும் ஒரு கீபோர்டு வாங்கினோம். அதில் பட்டனைத் தட்டினால் தாளம் வரும். வந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. போன இடமெல்லாம் கூட்டம் ஒரே பாட்டைத்தான் கேட்டது: “காண்ட்ராக்டு மாப்ள பாடுங்கப்பா!” பாட மாட்டோம் என்றால் கல் வந்தது. ஒரு தடவை குண்டன் பாடினான்; இறங்கி வந்து மேடைக்குப் பின்னால் வாந்தி எடுத்தான். கல்யாண வீட்டுக்காரர்களோ எங்களைக் கண்டாலே நடுங்கினார்கள். “நல்லாத்தான் பாடுவீங்க, எதையாவது ஒளறிப்புட்டீங்கன்னா?” என்று நயமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்தை நிறுத்தின செட்டு என்று பேர் நிலைத்துவிட்டது. அதற்குள் வீட்டுக்கு வீடு டிவியில் காமெடி வந்துவிட்டது. குண்டன் சிங்கப்பூர் போய்விட்டான். ரெக்சின் சட்டையை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நான் அதை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

கடைசியில் நான் வந்து சேர்ந்தது ஃபிளக்ஸ் போர்டு அடிக்கிற கடைக்கு. கல்யாணத்துக்கு நண்பர்கள் வைக்கிற போர்டில் மாப்பிள்ளையைக் கேலி பண்ணி இரண்டு வரி போடுவது அப்போது ஃபேஷன். அந்த இரண்டு வரியை எழுத ஆள் வேண்டியிருந்தது. எனக்கு வேறு என்ன தெரியும்?

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் ஒரு காலையில் ஒரு பெண் கையில் குழந்தையோடு கடைக்குள் வந்தாள். காதுகுத்துக்குப் போர்டு வேண்டும் என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். தாளக்காரனின் தங்கை. நான் அங்கே இருப்பேன் என்று அவளுக்குத் தெரியாது போல, கால் பின்வாங்கியது. பிறகு, “நல்லாருக்கீங்களாண்ணே?” என்றாள்.

அவளைத் திருமானூர்ப் பக்கம், மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்திருப்பதைக் கேள்விப்பட்டிருந்தேன். கல்யாணம் நின்ற பெண்ணை வேறு யாரும் கேட்டு வரவில்லையாம். அவள் கொடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பேசாமல் இருந்திருக்கலாம். இந்த வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

“அன்னிக்கி நான் பண்ணது தப்புத்தாம்மா. ஆனா ஒரு பொய்க்காரன் வூட்டுல போயி விழாம தப்பிச்சியே, அத நெனச்சுத்தான் மனச ஆத்திக்கிறேன்” என்றேன்.

அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

“அவரு பொய் சொல்லலண்ணே. நிச்சயம் முடிஞ்ச வாரமே கோயில்ல பாத்து எங்கிட்டச் சொல்லிட்டாரு. ‘எங்கப்பா மாத்திச் சொல்லிட்டாரு, எனக்கு வேல காண்ட்ராக்டுதான், வேணாம்னா இப்பவே சொல்லிடு’ன்னாரு. நாந்தான் சரின்னேன். தாலி கட்டுனப்புறம் எங்கப்பாகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னேன்.”

“அத அன்னிக்கே மேடையில சொல்லிருக்கலாமேம்மா?”

“எப்புடிண்ணே? அத்தன பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க.”

வெளியே கல் லாரி ஒன்று போனது. குழந்தை என் மானிட்டரைத் தொடக் கை நீட்டியது. ஏழெட்டு வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே சமாதானம் போய்விட்டது. மன்னித்துவிடு என்று கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, போர்டில் குழந்தையின் போட்டோவுக்குக் கீழே என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

“பேரும் தேதியும் மட்டும் போடுங்கண்ணே” என்றாள். “பாட்டு ஏதும் எழுதிடாதீங்க.”