முருங்கையை வெட்டச் சொன்னது நான்தான்

சிவகாசியில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டில் சமையல் புகை வெளியே போக வழி கிடையாது. மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டு சாத்தாது. ஆனாலும் பின்பக்கம் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண்தரை இருந்ததைப் பார்த்ததும், இந்த வீடே போதும் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். அவருக்கு அச்சாபீசில் பேப்பர் வெட்டும் மிஷினில் வேலை. நான் வீட்டிலிருந்தே பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன்.

அந்த மண்ணில் இரண்டு குண்டுமல்லிச் செடி வைத்தேன். குழாயில் தண்ணீர் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். அரிசி கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாவற்றையும் சுமந்து ஊற்றினேன். "குடிக்கவே தண்ணியக் காணோம், இவளுக்குப் பூ கேக்குது" என்று நாத்தனார் வந்தபோதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். செடி பூத்து, முதல் சரத்தை நானே தொடுத்து வைத்துக்கொண்ட அன்றைக்கு ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

பக்கத்து வீடும் எங்கள் வீட்டு ஓனருடையதுதான். அங்கே ஓர் அக்கா தனியாக இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு விடியுமுன் வேன் ஏறிப் போவார். பொழுது சாய வருவார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். அந்தச் சுவரை ஒட்டி அவர் பக்கத்தில் ஒரு முருங்கை நின்றது. குடிவந்த வருஷம் அவரே ஊன்றிய கம்பு. கீரையும் காயும் எனக்காகச் சுவர்மேல் இருக்கும். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு முழம் பூவை அங்கே வைப்பேன். மற்ற நாளில் வேண்டாம் என்பார். "வெடிமருந்து வாடையில பூ வாசம் எங்க தாயி தெரியப்போவுது?"

அந்த வருஷம் கோடைமழை பெய்து முடிந்ததும் முருங்கை அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டது. பட்டையே தெரியவில்லை. அதே வாரத்தில் என் மல்லிகை மொட்டுகள் ஊதா நிறமாகி, ஓட்டை விழுந்து, விரியாமலே உதிர்ந்தன. விடிந்ததும் போய்ப் பார்த்தால் நல்ல மொட்டு பத்துக்கூடத் தேறாது. சாம்பல் தூவினேன். வேப்பெண்ணெயில் சோப்பு கரைத்துத் தெளித்தேன். எதற்கும் அடங்கவில்லை. சுவர்மேல் ஊர்ந்துவந்த பூச்சிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"அக்கா, ஒங்க மரத்துப் புழுதான் எங்க பூவத் திங்குது. ஏதாச்சும் செய்ங்க" என்றேன்.

"அது முருங்கையத் தவிர ஒண்ணையும் தொடாது தாயி. ஞாயித்துக்கெளம நானே எடுத்து விட்டுர்றேன்."

"அப்ப இம்புட்டையும் யாரு தின்னது? நானா?"

"கோவப்படாத. ஒரு மொட்ட உரிச்சுப் பாரு. உள்ள இருக்கது வேற புழுவா இருக்கும்."

நான் உரித்துப் பார்க்கவில்லை. தன் மரத்தைக் காப்பாற்றச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னபடியே செய்தார். எல்லோரும் பந்தம் கொளுத்திப் பூச்சியைச் சுடுவார்கள். அவருக்கு நெருப்பென்றாலே ஆகாது. விளக்குமாறால் தள்ளித் தள்ளி, சோப்புத் தண்ணீர் வாளியில் விழவைத்தார். கை இரண்டும் தடித்துப் போனது. இரண்டு நாளில் மறுபடியும் மரம் நிறையப் பூச்சி. என் மொட்டுகளும் உதிர்ந்துகொண்டேதான் இருந்தன.

அக்காவிடம் சொல்லாமல் ஓனரின் பேப்பர் கடைக்குப் போனேன். புழுத் தொல்லை தாங்கவில்லை, பிள்ளைகள் நடமாடுகிற இடம் என்று ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார்.

"நானும் அந்த மரத்த எடுக்கணும்னுதாம்மா இருந்தேன். அந்தம்மா அழுமேன்னு பாத்தேன். இப்ப நீங்க சொன்னதா ஆச்சு."

மறுநாள் அக்கா வேலைக்குப் போன பிறகு அரிவாளோடு இரண்டு பேர் வந்தார்கள். முருங்கைக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவர்களுக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன். தூரையும் தோண்டி எடுத்து வண்டியில் ஏற்றிப் போனார்கள்.

மத்தியானம், வெட்டும்போது உதிர்ந்த பூச்சிகள் கிளம்பின. மரம் இல்லாமல் நூற்றுக்கணக்கில் சுவர் ஏறி, அம்மிக்கல் மேல் ஏறி, மல்லிகைச் செடிக்கு வந்தன. விளக்குமாறோடு ஓடினேன். பிறகு நின்றுவிட்டேன். அவை கிளையின் நுனிவரை ஊர்ந்து போய்த் திரும்பி வந்தன. இன்னொரு கிளைக்குப் போயின. பசியோடு அலைந்த அத்தனையில் ஒன்றுகூட ஓர் இலையைக் கடிக்கவில்லை. ஓர் ஊதா மொட்டைக் கிள்ளிப் பிரித்தேன். உள்ளே நூல் தடிமனில் பச்சையாக, கருந்தலையோடு ஒரு புழு நெளிந்தது.

அக்கா வரும்போது ஆறு மணி இருக்கும். முழங்கையில் பட்டாசுக்குக் கலக்கிற வெள்ளிப் பவுடர் ஒட்டியிருந்தது. மரம் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"யாரு வெட்டச் சொன்னது?"

"ஓனர் ஆள் அனுப்பிச்சாருக்கா."

என் பின்வாசற்படியில் கழுவாமல் கிடந்த இரண்டு டீ கிளாஸையும் பார்த்தார். பிறகு செடியைப் பார்த்தார்.

"ஒங்க செடியிலதான் ஊருது. பாத்துச் சொல்லுங்க. ஒரு எலையாச்சும் கடிச்சிருக்கா?"

அதுவரை என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவார்.

உரித்த மொட்டைக் காகிதத்தில் மடித்து உரக்கடையில் காட்டினேன். "மொட்டுப்புழும்மா. கம்பளிப்பூச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் கடைக்காரர். கெட்ட மொட்டுகளைப் பறித்து எரிக்க வேண்டும், தூரில் மண்ணைக் கிளறிவிட வேண்டும், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டிச் சாயங்காலம் தெளிக்க வேண்டும். எல்லாம் செய்தேன். ஒரு மாதத்தில் புழு ஒழிந்தது. மர நிழல் போய் வெயில் நேராக விழுந்ததில் செடி முன்னைவிட இரண்டு மடங்கு பூத்தது. அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை சுவர்மேல் பூ வைத்தேன். மூன்று முறையும் வைத்த இடத்திலேயே எறும்பு மொய்த்து வாடியது. ஆவணியில் அக்கா வீட்டைக் காலி செய்து, தாயில்பட்டியில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோனார். தட்டுமுட்டுச் சாமானை வேனில் ஏற்றும்போது ஒரு கை பிடிக்கலாம் என்று போனேன். "வேண்டாங்க" என்றார்.

அடுத்த வாரமே ஓனர் செங்கல் இறக்கினார். இரண்டு வீட்டுப் பின்பக்கத்தையும் சேர்த்துப் பேப்பர் பண்டல் அடுக்க ஒரு ரூம். செடிகளை எடுக்கச் சொன்னார். "இப்பத்தானே பூக்குது" என்றேன்.

"புழுத் தொல்லைன்னு கடையில வந்து நின்னது நீங்கதானம்மா?"

என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கு அதுவரை விஷயம் தெரியாது. கடப்பாரையை எடுத்து அவரே செடிகளைத் தோண்டினார். பழைய வாளியில் மாற்றி வைத்தேன். இரண்டும் பிழைக்கவில்லை.

நான் போய்ச் சொல்லாவிட்டாலும் ஓனர் என்றைக்காவது மரத்தை வெட்டித்தான் இருப்பார். இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். தாயில்பட்டிப் பக்கம் வெடிவிபத்து என்று யாராவது சொன்னால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அக்கா அங்கே எந்தக் கம்பெனிக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. போய் விசாரிக்கிற முகமும் எனக்கு இல்லை.