நாலு பச்சைக் கட்டிகள்

டிரில் பிட் கட்டிக்குள் பாதி இறங்கியதும் சத்தம் மாறியது. அதுவரை கறகறவென்று கறுப்புத் தூளைத் துப்பியது, பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சஜன் மெஷினை நிறுத்திப் பிட்டை உருவினான். மினுங்கும் சுருள் ஒன்று அதில் சுற்றியிருந்தது. நகத்தால் கீறினான், கீறல் விழுந்தது. ஈயம்.

அது இருபது கிலோ இரும்புக் கட்டி. பழைய தராசுகளில் வைக்கிற, மேலே பிடி உள்ள கட்டி. அப்படி நான்கை மினி டிராக்டரின் பின்சக்கரங்களில், சக்கரத்துக்கு இரண்டாக, எதிரெதிரே, கட்டிக்கு இரண்டு போல்ட் போட்டு முடுக்கத்தான் துளை போட்டான். மழை தொடங்கியதிலிருந்து சரிவில் கலப்பை இறங்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. போன வாரம் பனச்சமூட்டில் மரச்சீனிக் கிழங்கு நடும் விளை ஒன்றைப் பாதி உழவில் விட்டு வந்தான். டயருக்குள் தண்ணீர் நிரப்பிப் பார்த்தும் போதவில்லை. நாளை விஜயம்மாவின் விளையை உழ வேண்டும். வேறு வண்டி பார்க்கட்டுமா என்று அவள் இரண்டு முறை போனில் கேட்டுவிட்டாள்.

கட்டிகள் மாமனாருடையவை. செல்லையன் தனுவச்சபுரம் பக்கம் முப்பது வருடம் ரப்பர் ஷீட் வாங்கியவர், கூடவே புண்ணாக்கும் தவிடும் விற்றவர். சர்ச் சபைக் கமிட்டியில் இருந்தவர். அவர் இறந்து கடையைக் காலி செய்தபோது எட்டுக் கட்டிகள் இந்த வீட்டு விறகுப்புரைக்கு வந்தன. நான்கின் அடியில் பச்சைப் பெயின்ட் இருந்தது. மற்ற நான்கில் இல்லை.

காலையில் கட்டி எடுக்கட்டுமா என்று கேட்டபோது மனைவி பிஜி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எடுங்க. பெயின்ட் இல்லாத்தத எடுங்க."

திரும்பாமல் சொன்னாள். அவன் கைக்கு எட்டியவற்றை எடுத்தான்.

எல்லாக் கட்டியிலும் சிறிது ஈயம் உண்டு, முத்திரை குத்துவதற்காக. அது மேலே, விரல்நுனி அளவு இருக்கும். இது அடியில் இருந்தது. சஜன் துளைக்குள் ஆணியை விட்டு அளந்தான். விரல் நீளம். இரண்டாவது பச்சைக் கட்டியையும் துளைத்தான். அதிலும் சுருள் வந்தது. மூன்றாவதைத் துளைக்கவில்லை. அதையும் பெயின்ட் இல்லாத ஒன்றையும் ஸ்கூட்டரில் வைத்து மோகனனின் பழைய இரும்புக் கடைக்குப் போனான். அங்கே எலக்ட்ரானிக் தராசு உண்டு.

"இது இருபது," என்றான் மோகனன். பச்சையை வைத்தான். "இது இருபதே அறுநூறு."

"ஒனக்க மெஷினு சரியா?"

"மெஷினு சரியாக்கும். ஒமக்க மாமனாருக்க கட்டிதான் தடிச்சுப் போச்சு. செத்த பிறவு தடி வைக்க ஆள இப்பத்தான் காணுதேன்."

சஜன் சிரிக்கவில்லை. மோகனனின் அப்பாவும் செல்லையனிடம்தான் ஷீட் போட்டவர். மோகனன் கட்டியைப் புரட்டிப் பச்சையைப் பார்த்தான். பிறகு சஜனைப் பார்த்தான்.

"விக்கியா?"

"இல்ல. வீலுக்காக்கும்."

வீட்டுக்கு வரும் வழியில் அவன் அம்மாவை நினைத்தான். இருபத்தொரு வருடத்துக்கு முன் சத்தியபாய் ஒரு சுமை ஷீட்டைச் சொசைட்டிக்குக் கொண்டுபோனாள். எடை போட்ட பிறகு, பணம் நாளைக்குத்தான் என்று சொன்னார்கள். அதையே செல்லையனிடம் கொண்டுபோனாள். எடை குறைந்தது. தூக்கத்தில், அதாவது எடையில், கள்ளம் என்று கடைவாசலில் நின்று சொன்னாள். பிணக்கு உள்ளவர்கள் ராஜியாகாமல் திருவிருந்து எடுக்கக் கூடாது என்று சபையில் விலக்கினார்கள். ஆறு மாதம் அவள் எடுக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில்தான் சஜனுக்குப் பிஜியைப் பிடித்துப்போனது. சொன்னதை மாற்றச் சொல்லி அவன் அம்மாவின் முன்னால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். மூன்றாம் நாள் சத்தியபாய் கமிட்டிக்கு முன் நின்று, என் கண்ணு பிழைச்சுப்போச்சு என்றாள். கல்யாணம் நடந்தது. அதற்குப் பின் அவள் காஞ்சிரங்குளத்தில் இருக்கும் சஜனின் அக்கா வீட்டுக்குப் போனவள்தான், திரும்பி வரவில்லை.

பிஜிக்குத் தெரியுமா. சஜனுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. தெரியாது என்று அவள் சொன்னால் நம்ப வேண்டும். காலையில் அவள் திரும்பாமல் சொன்னதை வைத்துக்கொண்டு எப்படி நம்புவது என்று தெரியவில்லை.

பிஜி முற்றத்தில் நின்று துளையிட்ட கட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஈயச் சுருள்கள் கிடந்தன.

"பெயின்ட் இல்லாத்தத எடுக்கத்தானே சொன்னேன்," என்றாள்.

"எதுக்குச் சொன்ன?"

அவள் குனிந்து ஒரு சுருளை எடுத்தாள்.

"ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்ப முதல்?"

"எட்டாம் கிளாஸ் முதல். பச்சை வாங்கதுக்கு, மத்தது விக்கதுக்கு. அப்பா சொல்லித் தந்தது."

"அண்ணைக்கு அம்மா வந்தப்ப நீ கடையில உண்டா?"

"நானாக்கும் கட்டி எடுத்து வச்சது."

சஜன் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்தான்.

"இருபத்தொரு வருசம் எங்கூட இருந்திருக்க. ஒரு வாக்குச் சொல்லல்ல."

"நீங்க கேக்கல்ல. மாமி கள்ளம்னு சொன்னப்ப, அது உள்ளதுதானான்னு எங்கிட்ட ஒருக்கா கேட்டீங்களா? மாமிட்டத்தான் மாத்திச் சொல்லச் சொன்னீங்க. நீங்க கேட்டா என்ன சொல்லதுன்னு நான் பயந்துட்டே இருந்தேன். பின்ன, நீங்க கேக்கமாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பொய் சொல்கிற முகமா என்று தேடினான். இனி எப்போதும் தேட வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

"அம்மைக்கு வயசு எழுவத்தஞ்சு," என்றான். "ஆரு சொல்லது?"

"நீங்க சொன்னா அப்பாவக் கள்ளனாக்கிச் சொல்லுவீங்க. நான் நாளைக்குப் போறேன்."

"போவியா?"

"போவேன்னுதானே சொல்லுதேன்."

அவன் மீதி இரண்டு பச்சைக் கட்டிகளையும் எடுத்துத் துளை போட்டான்.

மறுநாள் காலை ஏழரைக்குச் சஜன் விஜயம்மாவின் விளையில் வண்டியை இறக்கினான். மண் ஈரமாக இருந்தது. சக்கரம் இரண்டு இடத்தில் லேசாக வழுக்கிப் பிறகு பிடித்துக்கொண்டது. பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. விஜயம்மா கஞ்சியும் பயறும் கொடுத்தாள். பிஜி எட்டரை பஸ்ஸில் போனவள் நாலு மணிக்கு வந்தாள். பையில் அரைக்கிலோ நெத்தோலி இருந்தது, மாமி வாங்கித் தந்தது என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சஜன் ஆறு மணிக்கு அக்காவுக்குப் போன் செய்தான். பிஜி வந்தாளா என்று கேட்டான். வந்தாள், அம்மாவும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தார்கள் என்றாள் அக்கா. அவன் போனை வைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துச் சக்கரங்களில் கட்டிகளைப் பிடித்திருந்த எட்டு நட்டுகளையும் மறுபடி முறுக்கினான்.