உபரி ஆசிரியரின் அக்கா

எப்போதும்வென்றான் ஊர்க் கரிசலில் மிளகாய் விதைத்த வீட்டில் மூத்தவராகப் பிறந்தவர்கள் எங்கள் அக்கா. அப்பா காலமான பின் தன் சம்பளத்தில் எங்களைப் படிக்க வைத்தார்கள். விளாத்திகுளம் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் தலைமையாசிரியை ஆனார்கள். அங்கே கடைசியாகச் சேர்ந்த ஆசிரியர் நான். ஒரே வண்டியில் போய் வந்தோம்.

உறவினர்கள் பலருக்கும் அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் மழை இல்லை. ஊர்ச் சனங்கள் குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்குப் பிழைக்கக் கிளம்பிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி. கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் வேறு ஊருக்குத் தூக்கிப் போடுவார்கள். அதாவது என்னை. என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள்.

தலை எண்ண அதிகாரி வரும் நாளில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு நம் சீருடையை மாட்டி உட்கார வைப்பது எங்கள் பக்கம் நேற்றுக் கண்டுபிடித்த வித்தையல்ல. பள்ளிச் செயலர் காலையிலேயே லோடு ஆட்டோ நிறையப் பிள்ளைகளை இறக்கிவிட்டார்.

"டீச்சரம்மா, ஒங்க தம்பிக்காகத்தான் செய்யுதேன். நீங்க சும்மா இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கதுக்கா அண்ணாச்சி என்னய இந்த நாற்காலியில உக்கார வச்சீங்க? நாளைக்கு இந்தப் பிள்ளையளுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

வந்த பிள்ளைகளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பிவிட்டு, அதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல! கடம்பூருக்கு அப்பால் ஒரு பள்ளிக்குப் பேருந்து மாறி மாறிப் போனேன். மகள் பிறந்தபோது நான் பேருந்தில் இருந்தேன். பிரசவ அறை வாசலில் நின்றது அக்காதான்.

பிறகு அக்கா ஊர் ஊராக அலைந்து பிள்ளைகளைச் சேர்த்தார்கள். போன பணியிடம் திரும்பி வந்தது. ஆனால் எனக்கு வராமல் வேறொருவருக்குப் போனது.

"அவிய ஒனக்கு முன்னாலயே காத்துக் கெடக்காவ" என்றார்கள். அவ்வளவுதான்.

அக்கா நோயுற்ற நாட்களில் பார்த்துக்கொண்ட கோவில்பட்டி மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ராவுத்தர் குடும்பத்தாருக்கும், இறுதிவரை உடன் நின்ற அந்தச் செயலர் அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி நாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே தம்பி, எம்மேல உள்ள கோவம் போயிட்டா?" என்று கேட்டார்கள்.

"அது எப்பவோ போயிட்டுக்கா."

கண்ணைத் திறக்காமலே சிரித்தார்கள். "பொய் சொல்லாதலே."

கொஞ்சம் மிச்சம் இருக்கிறதுதான் அக்கா. அதைத் திட்டித் தீர்க்கவாவது இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் நீங்கள்.