பதாகையில் என் பெயருக்குக் கீழே

பரந்தன் சந்தியில், நான் படித்த ரியூசன் சென்ரரின் பதாகையில் இன்னும் என் படம் இருக்கிறது. பெயருக்குக் கீழே, போன மாதம் நான் விட்டுவந்த தெற்குப் பல்கலைக்கழகத்தின் பெயர்.

அம்மாவுக்குக் கிழமையில் இரண்டு நாள் குருதிச் சுத்திகரிப்பு. கூட்டிப்போக நான் மட்டும்தான். நானே விண்ணப்பித்துக் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்துக்கு மாறி வந்தேன்.

இன்று பஸ்ஸால் இறங்கி நேரே சென்ரரை நடத்தும் சேரிடம் போனேன்.

“சேர், பனரில கம்பஸை மாத்துங்கோ.”

“கிளிநொச்சி எண்டு போட்டா ஆர் வகுப்புக்கு வருவினம், பிள்ளை? ஃபெயிலாகி வந்திட்டாய் எண்டெல்லே சனம் கதைக்கும்.”

“அப்ப என்ர படத்தைக் கழட்டுங்கோ.”

“அதெப்பிடி? உங்கட பட்ச்சில எஞ்சினியரிங்குக்கு எடுபட்டது நீ ஒராள்தானே!”

வகுப்பிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிவந்து பதாகைக்குக் கீழே போட்டு ஏறினேன். பழைய பல்கலைக்கழகத்தின் பெயரைக் கோடிழுத்து வெட்டிவிட்டு, ‘கிளிநொச்சி’ என்று மார்க்கரால் பெரிதாக எழுதினேன்.

சேர் ஓடிவந்து கதிரையைப் பிடித்துக்கொண்டார். “விழுந்திடாதை பிள்ளை.”

அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். மழைக்கு அழிந்திருந்தால் திரும்ப ஏறுவேன். மார்க்கர் பையில்தான் இருக்கிறது.